அரை மணி நேரம் தாங்கும்

செல்போன் பழுது பார்க்கும் கடையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒன்று தெரியும்: மழை பெய்யாத ஊரில்தான் போன்கள் அதிகம் நனைகின்றன. ஈரமான போனை அரிசிக்குள் புதைத்துவிட்டு அடுப்படிப் பக்கமே சுற்றிவந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அருப்புக்கோட்டையில் என் மருமகன் செல்வத்தின் கடை. உள்ளே அவர் பழுது பார்ப்பார். முன்மேசையில் நான் உட்கார்ந்து ரசீது எழுதுவேன். தமிழ் இலக்கியம் படித்த கைக்கு அந்த வேலைதான் கிடைத்தது.

உதறியவர்

சாயப்பட்டறை வைத்திருக்கும் ஒருவர் போனோடு வந்தார். தூறலில் லேசாக நனைந்ததாம், அவ்வளவுதான். ஆனால் ஈர நூலை உதறுவதுபோல அதை ஓங்கி ஓங்கி உதறியிருக்கிறார். பிறகு கொடியில் கிளிப் போட்டு வெயிலில் தொங்கவிட்டிருக்கிறார். வெளியே நின்ற தண்ணீர் மொத்தமும் உள்ளே போய்விட்டது என்றார் செல்வம். பட்டறைக்காரர் ஒப்புக்கொள்ளவே இல்லை.

"நூலு எங்க தாத்தா காலத்துல இருந்து இப்படித்தான் காயுது. இதுக்கு மட்டும் என்ன சீக்கு?"

அட்டைப்பெட்டி

திருச்சுழிப் பக்கத்து விவசாயி முருகேசன் புதுப்போனுக்குக் கண்ணாடி ஒட்ட வந்தார். பெட்டியையும் கையோடு கொண்டுவந்திருந்தார். "இங்கிலீசுல என்னமோ தண்ணினு போட்டிருக்காம்ல, படிச்சுச் சொல்லுங்கம்மா" என்றார். தண்ணீருக்குள் அரை மணி நேரம் தாங்கும் என்று படித்துச் சொன்னேன். அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. ஒன்றரை மீட்டர் ஆழம் வரைக்கும்தான் என்று அதில் போட்டிருந்தது. அதை நான் அன்றைக்குப் படிக்கவில்லை. அடிக்குறிப்பைப் படிக்காமல் செய்யுளைத் தொடாதே என்று கல்லூரியில் சொல்லித்தான் அனுப்பினார்கள்.

முருகேசன் போனைத் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சிரித்தார்.

"அரை மணி நேரம் போதும்மா, அதுக்குள்ள எங்க கெணத்துல நான் ஏழு முங்கு முங்கி எந்திரிச்சிருவேன்."

மூன்றாவது முங்கு

ஐப்பசியில் நல்ல மழை. முருகேசனின் மனைவி பொன்னுத்தாய் வந்தார். மஞ்சள் பைக்குள் துண்டு, துண்டுக்குள் அந்தப் போன். கிணறு நிரம்பியதை முருகேசன் விளிம்பில் நின்று வீடியோ எடுத்திருக்கிறார். போன் வழுக்கி உள்ளே விழுந்துவிட்டது. கூட இருந்தவர்கள் விட்டுத்தொலை என்றிருக்கிறார்கள். "அரை மணி நேரம் இருக்குடா" என்று சொல்லிக் குதித்திருக்கிறார். முதல் முங்கில் கிடைக்கவில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில் கிடைத்திருக்கிறது. மறுநாள் கிணற்றிலிருந்து அவரைத் தூக்கும்போது அது அவர் கைக்குள் இருந்தது.

பெட்டியைப் படித்தது நான்தான் என்று பொன்னுத்தாயிடம் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்று கொஞ்சம் சாப்பிட்டிருப்பேன். அந்த வீடியோ மட்டும் வேண்டும் என்றார்.

"அதுல அவுக பேசிருப்பாக. ஒரு வார்த்தைன்னாலும் எடுத்துக் குடுங்கம்மா."

கூப்பிட்டது யார்

செல்வம் போனைப் பிரித்துக் கழுவி, காயவைத்து, மூடி, சார்ஜ் ஏற்றி, என் மேசை இழுப்பறைக்குள் வைத்தார். நாலாம் நாள் மத்தியானம், வெளியே அனல் வெயில். பொன்னுத்தாய் மூச்சு வாங்க உள்ளே வந்தார்.

"கூப்பிட்டீகளாம்மா?"

"இல்லையே தாயி."

தன் போனை நீட்டினார். முருகேசன் பெயரில் காலையிலிருந்து ஒன்பது அழைப்புகள். எடுத்தால் பேச்சில்லையாம். கெணத்துக்குள்ள இருந்து கேக்குற மாதிரி ஒரு இரைச்சல் மட்டுந்தானாம்.

இழுப்பறையைத் திறந்தேன். திரையில் வெளிச்சம். யாரும் தொடாமலேயே எழுத்துகள் மேலும் கீழும் ஓடின. ஓடி, ஒரு பெயரில் நின்றன. பொன்னுத்தாயின் கையில் இருந்த போன் அடித்தது. அவர் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடியபடி நின்றார்.

அந்தப் பக்கம் அவருக்குக் கேட்டது எங்கள் கடையின் மின்விசிறிதான். ஒலிவாங்கித் துளையில் தங்கிய ஈரம் அதைக் கிணறாக்கிக்கொண்டிருந்தது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் மின்விசிறியை நிறுத்த நான் எழுந்துபோகவில்லை.

"திரைக்குள்ள ஈரம் நிக்குது அத்தை, அதான் தானா தொட்டுக்கிருது" என்றார் செல்வம். கடைசியாகப் பேசிய எண் மனைவியுடையது, பூட்டும் போடாத போன். பிறகு அவர் பொன்னுத்தாயைப் பார்த்துச் சொன்னார். திரை இப்படித் தானாக ஓடும்வரை வீடியோவைத் தேடி எடுக்க முடியாது, இன்றைக்கே திரையை மாற்றினால் எடுத்துவிடலாம், ஆனால் இந்த அழைப்பு நின்றுபோகும். மாற்றாவிட்டால் உள்ளே பச்சைக்களிம்பு ஏறி, வீடியோவும் போகும், எல்லாமும் போகும்.

பொன்னுத்தாய் வெகுநேரம் யோசிக்கவில்லை. திரையை மாற்ற வேண்டாம் என்று தலையசைத்தார். அப்படியானால் வீட்டுக்கே எடுத்துப் போ, உன்னோடு இருக்கட்டும் என்றேன். அவர் இழுப்பறையை மெதுவாக உள்ளே தள்ளிவிட்டார்.

"வேணாம்மா. வீட்டுலயே இருக்குற மனுசன் எதுக்குப் போன் போடப் போறாரு? இங்கனயே இருக்கட்டும்."

பழுது பார்க்கிற கடையில் ஒரே ஒரு பழுது நீங்கிவிடாமல், சார்ஜ் இறங்காமல் பார்த்துக்கொள்வதும் இப்போது என் வேலைதான்.