அக்காவுக்குச் சனியைக் காட்டப் போன கதை

என் அக்கா வீட்டுக்காரருக்கு லிப்ட் பழுதுபார்க்கிற வேலை. ஆஸ்பத்திரியோ அடுக்குமாடியோ, எங்கே லிப்ட் பாதியில் நின்றாலும் இவரைத்தான் கூப்பிடுவார்கள். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கதவைத் தட்டிக் கூச்சல் போடுவார்கள். அத்தான் கதவிடுக்கில் வாயை வைத்து, "ரெண்டு நிமிஷம், இதோ திறந்துடறேன்" என்பார். அந்த ரெண்டு நிமிஷம் அரைமணி நேரம் இழுக்கும், சில சமயம் அதற்கு மேலும் போகும். ஆனால் கேட்டவர்கள் அடங்கிவிடுவார்கள். வேறு பொய் எதுவும் சொல்ல வராத மனுஷருக்கு அந்த ஒன்று மட்டும் சரளமாக வரும்.

வீட்டிலும் அதே பல்லவிதான். சாப்பிடக் கூப்பிட்டால் கொல்லைப்புறத்திலிருந்து "ரெண்டு நிமிஷம்" என்று குரல் வரும். அங்கே துணிக்கொடிக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் அவருடைய டெலஸ்கோப் மூன்று காலில் நிற்கும். பகலெல்லாம் லிப்ட் குழிக்குள் இருட்டில் கிடக்கிறவன் பொழுது போன பிறகாவது மேலே பார்க்க வேண்டாமா என்பது அவர் கட்சி. அக்கா விடமாட்டாள். "ஊர்ல எல்லாரும் சனி விட்டாப் போதும்னு இருக்காங்க. இவர் ஒருத்தர்தான் அதைத் தேடிப் பிடிச்சு உக்காந்து பாக்கறாரு" என்பாள்.

கல்யாணமான புதிதிலிருந்தே அவளைக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். "ஒரே ஒரு தடவை வந்து பாரேன், வளையம் நல்லாத் தெரியுது." அவளும் அடுப்படியிலிருந்தே, "நாளைக்குப் பாத்துக்கலாம், சனி எங்க ஓடிடப் போகுது" என்று பதில் சொல்லிவிடுவாள். சனி எங்கும் ஓடவில்லை. அக்காவின் பார்வைதான் போக ஆரம்பித்தது.

முதலில் இருட்டில் தெரியாமல் போயிற்று. பிறகு பக்கவாட்டில். விழித்திரை ஓரத்திலிருந்து கெட்டுக்கொண்டே வருகிறது, மருந்து கிடையாது, நடுவில் மிச்சமிருப்பது எத்தனை நாள் இருக்கும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். குழாய் வழியாகப் பார்ப்பது போல இருக்குமாம். திரும்பி வரும் வழியில் அக்காதான் பேசினாள்.

"நீங்க காலமெல்லாம் குழாய் வழியாத்தான் பாக்கறீங்க. இப்ப நானும் சேந்துக்கிட்டேன். அந்தச் சனியைக் காட்டுங்க, பாத்துடறேன்."

வானம் விட்டால்தானே. வாரக்கணக்கில் மேகம். சனியோ நாளுக்கு நாள் மேற்கே இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் சில நாளில் சூரியனோடு சேர்ந்து மறைந்துவிடும், மறுபடி சாயங்கால வானத்துக்கு வர மாதக்கணக்கில் ஆகும் என்றார் அத்தான். அதுவரை அக்காவின் கண் தாங்குமா என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. அவர் மட்டும் வேலையிலிருந்து வந்ததும் வராததுமாக, தோளில் மாட்டிய கருவிப் பையைக்கூட இறக்காமல் கொல்லையில் அண்ணாந்து நிற்பார். பார்க்க எனக்குப் பாவமாகவும் இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும்.

அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன். பொழுது சாய்ந்து கொஞ்ச நேரத்தில் மேற்கே மேகம் லேசாகக் கிழிந்தது. அத்தான் ஓடிப்போய் வீட்டு விளக்குகளை எல்லாம் அணைத்தார். அது அவர் வழக்கம். கண் இருட்டுக்குப் பழக வேண்டுமாம், ஒரு பல்பு எரிந்தாலும் ஆகாதாம். இந்த விளக்கு விவகாரத்தில், கொல்லையில் பெரிய லைட் போடுகிற அடுத்த வீட்டுக்காரரோடு சண்டை போட்டு, அன்றுவரை பேச்சுவார்த்தை கிடையாது. குனிந்தார், திருகினார், "மாட்டிடுச்சு, சீக்கிரம் வா" என்று குரல் கொடுத்தார்.

நான் நாற்காலி எடுக்க உள்ளே போயிருந்தேன். அக்கா தனியாகப் படியில் நின்றிருந்தாள். இருட்டில் அவளுக்கு ஒன்றுமே தெரியாது. சனி கிடைத்த சந்தோஷத்தில் அத்தானுக்கு அது மறந்துவிட்டது. குரல் வந்த திக்கில் அவள் நடந்தாள். தொட்டியைத் தடவித் தடவிக் கடந்தாள். அடுத்த அடி நேராக டெலஸ்கோப்பின் காலில். டெலஸ்கோப் சாயாமல் அத்தான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அக்காவைப் பிடிக்கக் கை மிச்சமில்லை. கொடிக்கயிறு கைக்கு அகப்பட்டதால் அவள் விழாமல் தப்பித்தாள்.

"ஒடஞ்சிடுச்சாங்க?" என்றாள்.

"ஒண்ணும் ஆகலை."

ஆகாமல் என்ன. குழாய் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது. அவர் மறுபடி தேடுவதற்குள் மேகம் மூடிவிட்டது. எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "ஏன் அத்தான், இவளுக்கு இருட்டுல தெரியாதுன்னுகூட ஞாபகம் இல்லையா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் உள்ளே போனார். அடுப்படி விளக்கு எரிந்தது. கூடம், படுக்கையறை, குளியலறை, கடைசியில் கொல்லை விளக்கு. அதோடு விட்டாரா? மதில் ஓரமாகப் போய் நின்று, "சார், உங்க பெரிய லைட்டையும் கொஞ்சம் போடுங்க" என்றார். கிண்டல் செய்கிறார் என்றுதான் அடுத்த வீட்டுக்காரர் நினைத்திருப்பார். இருந்தாலும் போட்டார். கல்யாண வீடு போலக் கொல்லை முழுக்க வெளிச்சம். அத்தான் அக்காவின் கையைப் பிடித்து அழைத்து வந்து நாற்காலியில் உட்காரவைத்தார்.

லிப்டாக இருந்தால் மேலே ஏறி, மோட்டாரைக் கையால் சுற்றியாவது ஆளை இறக்கிவிடுவார். மேகத்தை எங்கே ஏறி நின்று சுற்றுவது? கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"இன்னும் எவ்வளவு நேரங்க?"

"ரெண்டு நிமிஷம்."

அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

எதிர்க் கட்டடத்தின் மொட்டைமாடிக்குக் கொஞ்சம் மேலே மறுபடி ஒரு கிழிசல் விழுந்தது. அத்தான் சட்டென்று பிடித்துவிட்டார். "நடுவுல இருக்கா, நீ ஒரு தடவை பாத்துச் சொல்லு" என்று என்னிடம் காட்டினார். இருந்தது. சின்னதாக, மங்கலாக, நடுங்கிக்கொண்டு, ஆனால் வளையத்தோடு இருந்தது. நான் நகர்ந்துகொண்டேன், அக்கா கண்ணை வைத்தாள்.

சனி நிற்காது, நகர்ந்துகொண்டே இருக்கும். அத்தான் மண்ணில் மண்டியிட்டு, அது வட்டத்தைவிட்டுப் போய்விடாதபடி டெலஸ்கோப்பின் திருகைக் கைப்பழக்கத்தில் மெல்லச் சுற்றினார்.

"தெரியுதா?"

"கறுப்பா இருக்கு."

"கொஞ்சம் இடப்பக்கமா நகரு."

"இல்லைங்க."

"அந்தக் கண்ணால பாரு."

அந்தக் கண்ணாலும் பார்த்தாள். தலையை அப்படியும் இப்படியும் மெதுவாக அசைத்தாள். பிறகு கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

"எனக்குத் தெரியலைங்க. தெரியுதுன்னு சொல்லட்டுமா?"

அத்தான் திருகைச் சுற்றுவதை நிறுத்தவில்லை.

"வேண்டாம்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ரெண்டு நிமிஷம் பாரு. பழகிடும்" என்றார்.

அந்த ரெண்டு நிமிஷத்தைப் பற்றி அவளுக்குத் தெரியாததா? "சரிங்க" என்று அப்படியே குனிந்திருந்தாள். சனி மொட்டைமாடிக்குப் பின்னால் இறங்கியது. அவர் சுற்றிக்கொண்டே இருந்தார், அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். மறைந்துவிட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.