கொக்கின் கழுத்தில் ஒரு தையல்

போன வருடம் தீபாவளி முடிந்த அடுத்த வாரம் நடந்தது இது. சிங்கப்பூர் தேக்காவில் ஒரு கடைத்தொகுதியின் மாடியில் இருபத்தாறு வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். தீபாவளி வரைக்கும் ரவிக்கை, ரவிக்கை என்று உயிரை வாங்குவார்கள். முடிந்த மறுநாள் ஈ ஓட்ட வேண்டியதுதான். கை சும்மா இருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். அந்த வாரம் வினையை இழுத்து வந்ததும் சும்மா இருந்த கைதான்.

தோ பாயோவிலிருந்து ஒரு தம்பி வந்தார். நாற்பது வயதைத் தாண்டியவர். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு உள்ளரங்கில் அமெரிக்கக் கால்பந்து ஆடுகிறாராம். எல்லோருக்குமாக இருபது சட்டை வேண்டும் என்றார். மாதிரிக்கு ஒரு பழைய சட்டையைக் கொடுத்து, "பத்திரமா வச்சிருங்க அக்கா, வியாழக்கிழமை வந்து எடுத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் விரித்துப் பார்த்தேன். தடித்த நீலத் துணி. நெஞ்சில் ஒரு கொக்குப் படம் தைத்திருந்தது. ஐயோ, அந்தத் தையலைப் பார்க்க வேண்டுமே! ஒன்று நீளம், ஒன்று குட்டை, எல்லாம் ஒரே கோணல். கொக்கின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே ஒரு ரயில் எஞ்சின். அதற்கும் அடியில் ஒரு கரடி. ஒட்டுக்கு மேல் ஒட்டு, அதற்கும் மேல் ஒட்டு. எந்த மடையன் தைத்தானோ என்று வாய்விட்டே திட்டினேன். இருபது சட்டைக்கு ஆர்டர் கொடுத்த மனுஷர், அவருக்கு நாமாக ஒரு உபகாரம் செய்வோமே என்று தோன்றியது. பிளேடை எடுத்து மூன்று படத்தையும் பிரித்தேன். நூலையெல்லாம் பொறுக்கி எறிந்தேன். துவைத்து, இஸ்திரி போட்டு, புதுச் சட்டை மாதிரி மடித்து வைத்தேன்.

வியாழக்கிழமை மத்தியானம் அவர் வந்தார். பெருமையாக எடுத்து நீட்டினேன். நெஞ்சுப் பக்கத்தைத் தடவிப் பார்த்தார். முகம் வெளுத்துப்போய், ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் கத்தவில்லை. மெதுவாகக் கதையைச் சொன்னார்.

இருபது வருடத்துக்கு முன்னால் அமெரிக்காவில் ஒரு சின்ன ஊரில் படித்துக்கொண்டிருந்தாராம். பள்ளிக்கூடத்தில் ரக்பி ஆடிய கால் என்பதால், அந்த ஊரின் உள்ளரங்கக் கால்பந்து டீமில் பந்தை உதைக்கச் சேர்த்துக்கொண்டார்கள். சம்பளம் கொடுத்து ஆடவைக்கும் டீம்தான், ஆனால் பரம ஏழை டீம். பனிச்சறுக்கு அரங்கில் ஐஸ்கட்டிக்கு மேல் பச்சைக் கம்பளம் விரித்து ஆடுவார்களாம். மைதானம் பாதி அளவுதான். சுற்றிலும் மெத்தை வைத்த சுவர். மோதித் தள்ளினால் சுவரைத் தாண்டி ஆள் பார்வையாளர் மடியில் போய் விழுவானாம்.

முதல் வருடம் கரடி என்று பெயர். அடுத்த வருடம் முதலாளி மாறினார், ரயில் எஞ்சின் ஆனது. மூன்றாம் வருடம் வேறு லீக், வேறு முதலாளி. அவருக்குப் பறவை பிடிக்கும் என்று கொக்கு ஆனது. பெயர்தான் மாறியது, சட்டை மாறவில்லை. ஒவ்வொரு முறையும் டீமில் ஒரே ஒரு ஆள் உட்கார்ந்து எல்லார் சட்டையிலும் புதுப் படத்தைத் தைத்துக் கொடுப்பார். முன்வரிசையில் நின்று மோதுகிற ஆள், மலை மாதிரி உடம்பு. பழைய படத்தைப் பிரிக்கவே மாட்டாராம். நாம் யாராக இருந்தோம் என்பது உள்ளே இருக்கட்டும் என்பாராம். பாதி சீசனில் டீம் மூழ்கியது, அரங்கத்தைப் பூட்டிவிட்டார்கள், உள்ளே இருந்ததெல்லாம் போனது. இவர் மட்டும் அன்றைக்குக் குளிருக்காகக் கோட்டுக்குள் சட்டையைப் போட்டுக்கொண்டே வீட்டுக்குப் போயிருக்கிறார். மிஞ்சியது அது ஒன்றுதான்.

அந்தப் பெரிய ஆளுக்கு இப்போது உடம்பு முடியவில்லை. சக்கர நாற்காலியில் இருக்கிறார். பழைய ஆட்டக்காரர்கள் எல்லாரும் அவரைப் பார்க்கக் கூடுகிறார்கள். சட்டையைக் கொண்டு வருகிறேன் என்று இவர் வாக்குக் கொடுத்திருக்கிறார். சனிக்கிழமை காலையில் அமெரிக்காவுக்கு விமானம்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. படங்கள் எங்கே என்று கேட்டார். வெட்டுத்துணி மூட்டையில் போட்டேன், மூட்டை போய்விட்டது என்றேன். பாசிர் ரிஸ்ஸில் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் இருக்கிறார், ஓய்வு பெற்ற கிளார்க். தேவாலயச் சந்தைக்காக வெட்டுத்துணியில் கால்மிதி தைப்பவர். முந்தின நாள்தான் வந்து எடுத்துப்போனார். போன் போட்டேன், எடுக்கவில்லை. கடையை இழுத்துப் பூட்டிவிட்டு எம்ஆர்டி ரயிலில் ஏறினேன். அந்தத் தம்பியும் கூடவே வந்தார். பூகிஸில் மாறி, கடைசி ஸ்டேஷன் வரைக்கும் போனோம். சாமியைக் கூப்பிடக்கூட எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்த அம்மா கதவைத் திறந்தார். விஷயத்தைச் சொன்னதும் உள்ளே ஓடினார். கரடி முழுசாக வந்தது. ரயிலும் வந்தது. பிறகு கையைப் பிசைந்துகொண்டு, "கொக்கை மட்டும் வெட்டிப்போட்டன் பிள்ளை" என்றார். கழுத்தில் சரியாக இரண்டு துண்டு.

அன்று சாயங்காலமும் வெள்ளிக்கிழமை முழுக்கவும் நான் வேறு வேலையைத் தொடவில்லை. துணியில் பழைய ஊசித் துளைகள் இன்னும் இருந்தன. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஒவ்வொரு துளையிலும் ஊசியை விட்டேன். நேராகத் தைத்துப் பழகிய கைக்குக் கோணலாகத் தைப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? நாலு தையல் போட்டால் ஐந்தாவது தானாக ஒழுங்காகிவிடும். பிரிப்பேன், மறுபடி கோணலாகப் போடுவேன். கரடி, அதற்கு மேல் ரயில், அதற்கு மேல் கழுத்து ஒட்டிய கொக்கு. கொடுக்கும்போது, "அந்தப் பெரிய ஆளுகிட்ட இதைச் சொல்லாதீங்க தம்பி" என்று கெஞ்சினேன். சரி அக்கா என்றார். கோழைத்தனம்தான், வேறென்ன.

அடுத்த வாரம் ஒரு காலையில் கடை திறந்துகொண்டிருந்தேன். வீடியோ கால் வந்தது. அங்கே சாயங்காலம், பின்னால் ஒரே கூட்டம். தம்பி சிரித்துக்கொண்டே போனை ஒருவர் கையில் கொடுத்தார். மலை மாதிரி உடம்பு என்றாரே, பாதியாக இளைத்திருந்தார். மடியில் அந்தச் சட்டை.

நீ வலது கைக்காரி, இல்லையா என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தன் இடது கையை மேலே தூக்கிக் காட்டினார். துளைகள் அதேதான், ஆனால் இடது கைக்காரன் தையல் ஒரு பக்கம் சாயும், உன்னுடையது மறுபக்கம் சாய்கிறது, மடியில் வைத்த உடனே தெரிந்துவிட்டது என்றார். தம்பி வாயைத் திறக்கவே இல்லையாம். நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். மடையன் என்று திட்டியதைக்கூடச் சொல்லி, மன்னிப்புக் கேட்டேன்.

அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கொக்கின் கழுத்தை வெட்டியது நியாயம்தான், கொக்காக இருந்தபோது ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை என்றார். சுற்றி இருந்த எல்லாரும் சிரித்தார்கள். அப்புறம் சட்டையைத் தடவிக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "என் தையலை யாராவது ஒரு துளை விடாமல் பார்ப்பார்கள் என்று நான் நினைத்ததே இல்லை. இனி இதில் நீயும் நம் டீம்தான்."

என் தொழிலில் எனக்குக் கர்வம் அதிகம், அது இன்னும் முழுசாகப் போகவில்லை. ஆனால் இப்போதெல்லாம் எவ்வளவு அசிங்கமான ஒட்டுப்போட்ட துணி வந்தாலும், பிளேடைக் கீழே வைத்துவிட்டு, இதை யார் தைத்தது என்று முதலில் கேட்கிறேன். கேட்ட பிறகு, பிரிக்கச் சொன்னவர்களை விட அப்படியே இருக்கட்டும் என்று சொன்னவர்கள்தான் அதிகம்.