பிளாட்டினம் ஏற்றாத உருண்டை

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். எட்டாவதோடு படிப்பை விட்டு, ஊர் ஊராய்ச் சுற்றி, சுடுகாட்டுக் கொட்டகையிலும் படுத்துத் தூங்கியவனுக்கு என்ன பயம்? இதை நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு நஷ்டமில்லை.

அறுபதுகளில் பம்பாயில், செம்பூர்ப் பக்கம் ஒரு ரசாயன ஆலையில் காண்டிராக்ட் கூலி. பெரிய இரும்புக் கலனுக்குள் பட்டாணி அளவு வெள்ளை உருண்டைகளைக் கொட்டும் வேலை. வசதியானவர்கள் இருக்கும் மாட்டுங்காவிலிருந்து வரும் கெமிஸ்ட் சார் ஒருநாள் நல்ல மூடில் சொன்னார்: "வெறும் மண்ணுன்னு நினைக்காதே. மேல பிளாட்டினம் ஒட்டிண்டிருக்கு, கண்ணுக்கே தெரியாத பொடி. அந்தப் பொடியும் அடியில இருக்கற மண்ணும் எலக்ட்ரானைக் கொடுத்து வாங்கிக்கறது. மண்ணை மாத்தினா அதே பிளாட்டினத்தோட குணமே மாறிடும்."

எலக்ட்ரான் எனக்குப் புரியவில்லை, மற்றது புரிந்தது. அவர் உட்கார்ந்த மண் மாட்டுங்கா, என்னுடையது தாராவி.

தாராவியில் என் அறையில் தங்கியிருந்தவன் இசக்கி, தோல் பட்டறையில் வேலை. மதுவிலக்குக் காலம், சந்தில் எதையோ காய்ச்சி, எதையோ கலந்து விற்பார்கள். ஒரு மழை மத்தியானம், ஜன்னலில்லாத அந்த அறையில் இசக்கி தம்ளரில் ஊற்றி வைத்தான். ஆலையில் கீழே சிந்திய உருண்டை ஒன்றை அவனிடம் காட்ட எடுத்து வந்திருந்தேன். தம்ளர் பக்கத்தில் வைத்ததுதான் தாமதம், உருண்டை சிவந்தது. நெருப்பில்லை, புகையில்லை, பீடிக் கங்கு மாதிரி தானாகக் கனன்றது.

"ஏல, அதக் குடிக்காதல. என்னமோ சரியில்ல."

"சுடுகாட்டுல படுத்த அண்ணாச்சிக்குப் பயத்தப் பாரு!" என்று சிரித்து, ஒரே மூச்சில் குடித்தான்.

இருட்டுவதற்குள் வாந்தி, கண் மங்கல். சர்க்கார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். விற்றவன் அப்போதும் விற்றுக்கொண்டிருந்தான்.

ஏதாவது மாற்று மருந்து சொல்வாரோ என்று காலையில் உருண்டையோடு கெமிஸ்டிடம் ஓடினேன்.

"மெத்தில் ஸ்பிரிட் ஆவி பட்டா பிளாட்டினம் தானாச் சிவக்கும். அந்த விஷத்தைத்தான் கலந்திருக்கான்" என்றவர், உருண்டையைத் திருப்பிப் பார்த்தார். "ஆனா இது கலனோட அடியில பரப்பற வெறும் உருண்டைப்பா. பிளாட்டினம் ஏத்தவே இல்லை. இது எப்படிச் சிவக்கும்? நீயும் குடிச்சியோ?"

ஆஸ்பத்திரியில் இசக்கிக்கு இரண்டு கண்ணும் போயிருந்தது. டாக்டர் டார்ச் அடித்தும் இமைக்கவில்லை. நான் பேசாமல் கட்டிலருகே நின்றேன். உருண்டை சட்டைப் பையில் ஜில்லென்று கிடந்தது. அவன் சட்டென்று கையால் முகத்தை மூடினான்.

"அண்ணாச்சி, பையில இருக்கத அணைங்க. கண்ணு கூசுது."

அப்படியே, கையை எடுக்காமலே செத்துப்போனான். நான் அந்த உருண்டையோடு வெளியே போயிருந்தால் அவனுடைய கடைசி நிமிஷமாவது இருட்டாக இருந்திருக்குமோ என்றுதான் இன்றைக்கும் தோன்றுகிறது.