தமிழ் ஃபோல்டரில் இருந்தது

கண்டி டவுனில், ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஒபிஸ். தனியார் கிளினிக் ஒன்றுக்கு, டொக்டரைப் பார்க்க வீட்டிலிருந்தே நம்பர் எடுக்கிற வெப்சைட்டை மூன்று மொழியில் செய்துகொண்டிருந்தோம். ஜாவாஸ்கிரிப்டில் ஒவ்வொரு பக்கமும் ஒரு மொடியூல், தனி ஃபைல். எது எந்த ஃபோல்டரில் கிடக்கிறது என்று ஒரு கன்ஃபிக் ஃபைலில் கையால் எழுதிவைக்க வேண்டும். ஒரு வரி விடுபட்டால் பக்கம் திறக்காது. நான் மூன்று தடவை விட்டேன். இன்னொரு தடவை நடந்தால் வேலை நிரந்தரமாகாது, வீட்டுக்குப் போகலாம் என்று பொஸ் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

அந்தக் கேடுகெட்ட பட்டியலில் இனி என் கை படக்கூடாது என்றுதான் ப்ளகின் என்று ஒரு குட்டிப் புரோகிராம் எழுதினேன். வெப்சைட்டைத் தொகுக்கிற பில்ட் ஓடும்போது அதுவே ஃபோல்டர்களைப் பார்த்துப் பட்டியலை எழுதிவிடும். சும்மா இருந்தேனா? பெரிய கெட்டிக்காரி மாதிரி ஒரு விதியும் சேர்த்தேன்: ஒரு ஃபைல் இங்கிலீஷ் ஃபைலின் கொப்பியாகவே இருந்தால் அது இன்னும் மொழிபெயர்க்கப்படாதது, அதைப் பட்டியலில் சேர்க்காதே.

கிளினிக்காரர்கள் பத்து மணிக்குப் பார்க்க வருகிறார்கள். எட்டரைக்குத் தமிழ்ப் பட்டனை அழுத்தினேன். வெறும் வெள்ளைத் திரை. மறுபடி பில்ட் செய்தேன், மறுபடியும் வெள்ளை. ஒரு மணித்தியாலம் ப்ளகினை வரிவரியாக நோண்டினேன். ஒரு பிழையும் இல்லை. கடைசியில்தான் தமிழ் ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன். அத்தனை ஃபைலும் இங்கிலீஷ். என் விதி ஒன்றுவிடாமல் தள்ளிவிட்டிருந்தது.

புதுப் பக்கம் செய்தால் இங்கிலீஷைக் கொப்பி பண்ணித் தமிழ் ஃபோல்டரில் போட்டுவைப்பது எங்கள் வழக்கம். பிறகு தமிழாக்கலாம் என்று. ஒபிஸில் தமிழாட்கள் இரண்டே பேர், கண்டிப் பக்கத்து நானும் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவரும். அவரிடம் ஓடினேன்.

"நீர் செய்துபோட்டீர் எண்டெல்லோ நான் நினைச்சன்," என்றார்.

"ஒங்க தமிழ்தானே சுத்தத் தமிழ்னு நான் ஒங்களுக்கே விட்டுட்டேன்க்கா."

"இஞ்சத்தைச் சனத்துக்கு எது விளங்கும் எண்டு உமக்குத்தானே தெரியும்."

மாதக்கணக்காக ஒருவருக்கொருவர் மரியாதை செய்துகொண்டு இருந்திருக்கிறோம். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. பத்தாக ஐந்து நிமிடம் இருக்கும்போது அந்த விதியை அழித்தேன். தமிழ்ப் பட்டனை அழுத்தினால் இங்கிலீஷ் வந்தது. வெட்கங்கெட்ட வேலை, தெரிந்துதான் செய்தேன்.

கிளினிக் உரிமையாளர் தனியாக வரவில்லை. தமிழைப் பார்த்துச் சொல்ல என்று கவுண்டரில் நம்பர் கொடுக்கிற அக்காவையும் கூட்டிவந்திருந்தார். ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து ஆள். பொஸ் அவரை என் கதிரையில் உட்காரவைத்துவிட்டு, உரிமையாளருக்குப் பெரிய திரையில் சிங்களப் பக்கங்களைக் காட்டப் போனார்.

கவுண்டர் அக்கா தமிழ்ப் பட்டனை அழுத்தினார். இன்னொரு பக்கம் போய் மறுபடி அழுத்தினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இன்னும் செய்யலக்கா," என்றேன் மெதுவாக. "சொல்லிட்டீங்கன்னா என் வேல போயிரும்."

தமிழ் சரியா என்று பொஸ் அங்கிருந்து சிங்களத்தில் கேட்டார். சரி என்று அந்த அக்காவும் சிங்களத்திலேயே சொன்னார். கும்பிடாத குறையாக அவரைப் பார்த்தேன்.

"சரின்னு சொல்லிட்டேன் மிஸ்," என்றார். "திங்கக்கெழம இத தொறந்ததும் எங்க ஆளுங்க இது வெளங்காம கவுண்டர்ல வந்து நிப்பாங்க. தமிழ் சரின்னு சொன்னவ நான்தானே. மொதல்ல என்னையத்தான் வேலய விட்டு நிப்பாட்டுவாங்க."

குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன்.

எழுந்து பெரிய திரைக்கு முன்னால் போனேன். "சேர், தமிழ்ல ஒரு பக்கம்கூட இல்ல. பிழை என்னோடது. அவங்க எனக்காகத்தான் சரின்னு சொன்னாங்க," என்று சிங்களத்தில் சொன்னேன். பகிடி விடுகிறேன் என்று நினைத்து பொஸ் சிரித்தார், உரிமையாளரும் சேர்ந்து சிரித்தார்.

அந்தச் சிரிப்போடு திரும்பி வந்து உட்கார்ந்திருக்கலாம். நான் இன்னொரு தடவை சொன்னேன்.