நெற்றிக்கு மேலே ஒரு பஸ் ஹோல்ட்

நான் பந்து எறிவதைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். கல்லூரிக் கூடைப்பந்து அணியில் சேர்ந்த புதிதில் பந்தை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்து, ஒரு முக்கு முக்கி மேலே தள்ளுவேன். லொறியில் மாவு மூட்டை ஏற்றுவது போல இருக்கிறது என்று கூட ஆடியவர்கள் சொன்னார்கள். ஆனாலும் பாதிப் பந்துகள் வளையத்துக்குள் விழத்தான் செய்தன. விழுகிற பந்துக்கு அழகு எதற்கு என்பது என் கட்சி.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. எங்கள் வீடு எல்கடுவப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தது. வீடு என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ஓர் அறை, அதில் நாங்கள் ஆறு பேர். அப்பாவுக்குத் தோட்டத்துத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் வேலை. நான் மாத்தளை டவுனில் படித்தேன். மாலை பஸ்ஸைப் பிடித்து, இறங்கி மலையேறி வீடு சேரும்போது இருட்டிவிடும். அப்புறம் ஒரு மண்ணெண்ணெய் விளக்கு, அதைச் சுற்றி ஐந்து பேரின் பேச்சு. அந்த வருடம் எனக்குப் பெரிய பரீட்சை வேறு இருந்தது.

கல்லூரியில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. அணியில் இருக்கிற வெளியூர்ப் பையன்கள் விடுதியில் தங்கிக்கொள்ளலாம். அங்கே மின்சார விளக்கு உண்டு, ஆளுக்கொரு மேசை உண்டு. கூடைப்பந்தின் மேல் எனக்கு வந்த காதலில் பாதி அந்த மேசையின் மேல் வந்ததுதான். அப்பா முதல் நாளே பேச்சை வெட்டிவிட்டார்.

"டீம்ல இருக்கிற வரைக்கும் அங்க இரு. எடுத்துட்டாங்கன்னா அன்னைக்கே பொட்டியத் தூக்கிக்கிட்டு வந்துரணும்."

ஆகவே மற்றவர்களுக்கு விளையாட்டாக இருந்தது எனக்கு இருப்பிடப் பிரச்சினையாக இருந்தது.

அந்தப் பருவத்தின் தொடக்கத்தில் புதிதாக ஒரு விளையாட்டு மாஸ்டர் வந்து சேர்ந்தார். சிங்களவர், இளம் வயது, வெள்ளைக் கான்வஸ் சப்பாத்தில் ஒரு பொட்டு அழுக்கு இருக்காது. என் மாவு மூட்டையைப் பார்த்ததும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். இனி எல்லோரும் ஒற்றைக் கையால்தான் எறிய வேண்டும் என்றார். வலது உள்ளங்கையில் பந்து, இடது கை சும்மா துணைக்கு, முழங்கை உடம்போடு ஒட்டி, பந்து நெற்றிக்கு மேலே. அவர் எறிந்து காட்டியபோது பந்து வளையத்தைத் தொடாமலே உள்ளே போனது. எனக்குப் பொறாமையாக இருந்தது.

வகுப்பில் எங்களுக்குத் தமிழ், மைதானத்தில் சிங்களம். டவுன் பையன்களுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. என் சிங்களமோ பஸ்ஸில் பொறுக்கியது. சில்லறை, தள்ளி நில், இறங்கப் போகிறேன், அவ்வளவுதான் தெரியும். நான் பந்தை நெற்றிக்கு மேலே தூக்கியபோது மாஸ்டர் ஏதோ சொல்லி, கடைசியில் "நவன்ன" என்றார். எனக்கு உடனே புரிந்துவிட்டது. இறங்க வேண்டியவர்கள் பஸ்ஸில் தினமும் கத்துகிற சொல்தானே, "நவத்தன்ன", நிறுத்துங்கள்!

நிறுத்தினேன். பந்து நெற்றிக்கு மேலே, மூச்சும் அதோடு சேர்ந்து நின்றது. பிறகு எறிந்தேன். மாஸ்டர் முகத்தைச் சுளித்து மறுபடியும் "நவன்ன" என்றார். இன்னும் கொஞ்ச நேரம் நிறுத்தினேன். அவர் குரலை உயர்த்தினார், நான் இன்னும் கூடுதலாக நிறுத்தினேன். என்னைப் போல் சொல்பேச்சுக் கேட்கிற பிள்ளை அந்த மைதானத்தில் வேறு யாரும் இல்லை. அவரோ என்னை மகா பிடிவாதக்காரன் என்று நினைத்து, தலையில் கை வைத்துக்கொண்டு அடுத்தவனிடம் போய்விட்டார்.

வேடிக்கை என்னவென்றால், அது பலித்தது. முதல் ஆட்டத்தில் கண்டிக் கல்லூரி ஒன்று எங்கள் மைதானத்துக்கு வந்தது. நான் பந்தைத் தூக்கியதும் என்னைத் தடுக்க வந்தவன் கையை விரித்துக்கொண்டு எம்பினான். நான்தான் நிறுத்திவிட்டேனே. அவன் மேலே போய், காற்றில் கொஞ்ச நேரம் என்னை முறைத்துவிட்டு, கீழே இறங்கினான். அவன் இறங்கிய பிறகு நான் நிதானமாக எறிந்தேன். அடுத்த ஆட்டத்திலும் இதே கதை. எங்கள் ஊரில் பஸ் நிற்கும் இடத்துக்கு ஹோல்ட் என்று பெயர். எங்கள் பையன்கள் வேலியோரம் நின்று, நான் பந்தைத் தூக்கும்போதெல்லாம் "ஹோல்ட் வந்திருச்சு, எறங்கு" என்று கூவுவார்கள். எதிராளி சொன்னபடியே இறங்குவான். மாஸ்டர் தாடையைச் சொறிந்துகொண்டு என்னை முதல் ஐந்து பேரில் வைத்துக்கொண்டார். விடுதி மேசையில் என் புத்தகங்கள் உயர்ந்தன. நானும் கொஞ்சம் உயர்ந்துதான் நடந்தேன்.

இதைக் கெடுத்தவன் என் உயிர் நண்பன். அவனுடைய வாப்பா டவுனில் மிளகும் கராம்பும் வாங்கி விற்பவர். அவர்கள் கடையில் மூன்று பாஷையும் ஒரே வாக்கியத்தில் ஓடும். ஒருநாள் பயிற்சி முடிந்து வருகையில், மாஸ்டர் எனக்குச் சொல்லித்தந்த உத்தியைப் பற்றி நான் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். அவன் அப்படியே நின்றுவிட்டான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"மச்சான், சேர் ஒன்ன நிப்பாட்டச் சொல்லல்லடா. முழங்கால மடக்கச் சொன்னாரு. நவன்ன எண்டா மடக்கு. நவத்தன்ன வேற, நவன்ன வேற."

அவனைக் கொன்றுபோடலாம் போலிருந்தது. அன்றோடு என் ஆட்டம் படுத்துவிட்டது. பந்தைத் தூக்கினால் நிறுத்துவதா மடக்குவதா என்று மனது கேட்கும். மடக்கினால் நிறுத்த மறந்துபோகும், நிறுத்தினால் கால் விறைத்துக்கொள்ளும். இரண்டையும் சேர்த்துச் செய்த அன்று பந்து பலகைக்கு மேலே பறந்து தோட்டக்காரனின் கத்தரிப் பாத்தியில் விழுந்தது. பழைய மாவு மூட்டைக்கே திரும்பிப் போகலாமென்று பார்த்தேன். அதுவும் மறந்துபோயிருந்தது.

இரண்டு ஆட்டம் பொறுத்துப் பார்த்துவிட்டு மாஸ்டர் என்னை மைதானத்தோர மர வாங்கில் உட்காரவைத்தார். கடைசி ஆட்டம் முடிந்ததும், அடுத்த படிப்புத் தவணைக்கு யார் யார் அணியில் என்று சொல்லிவிடுவார். எனக்குப் பதில் தெரிந்திருந்தது. ஆட்டத்தன்று காலையில் டிரங்குப் பெட்டியை அடுக்கி, பூட்டு கெட்டிருந்ததால் கயிற்றால் கட்டி வைத்தேன். அழுகை வந்தது. மேசையைத் துடைக்கிற சாக்கில் முகத்தையும் துடைத்துக்கொண்டேன்.

கடைசி ஆட்டம் அதே கண்டிக் கல்லூரியோடு. அவர்கள் எங்களை உரித்து உப்புத் தடவிக்கொண்டிருந்தார்கள். முடிய இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. இனி யார் ஆடினாலும் தோல்விதான் என்கிற கட்டத்தில் மாஸ்டர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். இறங்கினேன். என் நண்பன் பந்தைத் தட்டிப் பறித்து என்னிடம் வீசினான். நான் தூக்கினேன். எதிராளி ஓடி வந்தான். வழக்கம்போல மனதுக்குள் வழக்கு ஆரம்பமானது, மடக்கா, நிறுத்தா, மடக்கா.

அப்போது கோட்டுக்கு வெளியே இருந்து மாஸ்டரின் குரல் கேட்டது.

"நெல்லி! நெல்லி!"

மைதானம் முழுக்கத் திகைத்தது. தமிழானாலும் சிங்களமானாலும் நெல்லி நெல்லிதான். தோற்கிற நேரத்தில் இவருக்கு ஏன் நெல்லிக்காய் ஞாபகம்? என்னைத் தடுக்க வந்தவனும் திரும்பி அவரைப் பார்த்தான். நானும் பார்த்தேன். மாஸ்டர் பஸ்ஸை மறிக்கிறவரைப் போல ஒரு கையை உயர்த்திப் பிடித்திருந்தார்.

நில்லு. அவர் சொல்ல வந்தது அதுதான்.

நின்றேன். பந்து நெற்றிக்கு மேலே நின்றது. மனதில் நடந்த வழக்கும் நின்றது. சிரிப்பு வந்தது, சிரித்ததில் உடம்பு தளர்ந்தது, முழங்கால் தானாக மடங்கியது. எறிந்தேன். பந்து வளையத்தைத் தொடாமலே உள்ளே போனது.

ஆட்டத்தில் தோற்றோம், நன்றாகவே தோற்றோம். அந்தப் பந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, எனக்கும் அவருக்கும் தவிர. ஆட்டத்துக்கு முந்தைய நாள் என் நண்பன் அவரிடம் போய் முழுக் கதையையும் சொல்லியிருக்கிறான். அவர் சிரிக்கவில்லையாம். நிறுத்து என்பதற்குத் தமிழில் என்ன என்று மட்டும் கேட்டாராம். கேட்டதை மறந்துவிடக் கூடாதென்று இரவெல்லாம் சொல்லிப் பார்த்தாரோ என்னவோ, காலையில் அது நெல்லியாகிவிட்டது. அந்த மைதானத்தில் ஒரு மாஸ்டர் எனக்காகத் தமிழில் சொன்ன முதல் சொல் அது.

கை கழுவும் குழாயடியில் மாஸ்டர் என்னிடம் வந்தார். அடுத்த தவணையும் அணியில் இருக்கிறாய் என்றார். அது என் பஸ் சிங்களத்துக்கே புரிந்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, கொஞ்சம் வெட்கத்தோடு, "நெல்லி, ஹரித?" என்று கேட்டார். சரிதானே என்று அர்த்தம்.

"ஹரி, சேர்" என்றேன்.

விடுதிக்கு ஓடிப்போய்ப் பெட்டியின் கயிற்றை அவிழ்த்தேன்.