நண்டு பிழையாகக் கதைத்த படம்

போன சனிக்கிழமை யாழ்ப்பாணத்துத் தியேட்டர் ஒன்றில் ஒரு நண்டு பிழையாகத் தமிழ் கதைத்துவிட்டது. அவ்வளவுதான், சபை குழம்பிப் போனது. குழப்பத்தைத் தொடக்கி வைத்தவர் எங்கள் வீட்டு ஆள். வயது எட்டு.

பக்கத்துக் கதிரையில் நான் — ஒளிக்க இடமில்லாமல்.

'நண்டுக்குட்டி கூப்பிடுது' என்ற சிறுவர் புத்தகத்தை இப்போது கார்ட்டூன் படமாக எடுத்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் அந்தப் புத்தகம் இல்லாத வீடு குறைவு. அட்டை போனது, மூலை சப்பப்பட்டது, அண்ணன் வாசித்துத் தம்பி கிறுக்கியது... ஏதோ ஒரு கோலத்தில் கிடக்கும்.

தெரியாதவர்களுக்காகக் கதை: கரையில் ஒரு நண்டுக்குட்டி. அதன் சிநேகிதன் ஆமை கடலுக்குள் போய்விடுகிறது. ஒவ்வொரு பின்னேரமும் நண்டு அலை தொடுகிற இடத்துக்கு வந்து தொண்டை கிழியக் கூப்பிட்டுக் கேட்கும் — "உங்கை மழையோ?" எங்கேயோ இருந்து ஆமை பதில் சொல்லும். ஒரு நாள் வெயில் என்னும். இன்னொரு நாள் மீன் வீட்டில் கலியாணம் என்னும். அவ்வளவுதான். வில்லன் இல்லை, நீதிகூட இல்லை.

வெளியூர் வாசகர்கள் 'உங்கை' என்றதும் முழிப்பீர்கள். சுட்டெழுத்து அ, இ, உ என்று மூன்றையும் நீங்களும்தானே பாடமாக்கினீர்கள்? பரீட்சை முடிந்ததும் உகரத்தைக் கைவிட்டுவிட்டீர்கள். நாங்கள் விடவில்லை. இங்கை என்றால் நான் இருக்கிற இடம். அங்கை என்றால் நானும் இல்லாத, நீயும் இல்லாத இடம். உங்கை என்றால்... நீ இருக்கிற இடம். வெளிநாட்டுக்குப் போன் எடுக்கிற எங்கள் ஆட்கள் முதலில் கேட்பது "உங்கை இப்ப என்ன நேரம்?" என்றுதான். நேரம் தெரியாமலா கேட்கிறார்கள்?

சபையைக் குழப்பிய ஆரணி என் தங்கை சுகந்தியின் மகள். சண்டிலிப்பாயில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலி. வேலியில் ஆள் நுழைந்து போகத்தக்க ஒரு பொட்டு. அதற்குள்ளால் பகல் முழுக்க வந்து போவாள். அவளுடைய தகப்பன் ரமணன் பிரான்ஸில், ஒரு ரெஸ்டோரண்ட் குசினியில் சமையல் வேலை செய்கிறான். அவள் நடை பழகிய நாட்களில் போனவன். அந்த நாட்டில் தங்குவதற்கான 'காட்' இன்னும் அவன் கைக்கு வரவில்லை. அது இல்லாமல் ஊருக்கு வந்தால் திரும்பிப் போக முடியாது. அதனால் வரவும் இல்லை.

போகும்போது அந்தப் புத்தகத்தில் இரண்டு வாங்கினான். ஒன்று பிள்ளைக்கு, ஒன்று தனக்கு. இங்கே விளக்கு வைக்கிற நேரம் அவனுக்கு மத்தியான வேலை முடிந்து கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். தன் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு போனில் வாசிப்பான். இவள் இங்கே தன் புத்தகத்தில் படம் பார்த்துப் பார்த்துக் கேட்பாள். அப்படியே நித்திரையாகிவிடுவாள். வருஷக்கணக்காக நடந்த காரியம்.

இந்த வருஷம் அது நின்றுபோனது. பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை, "உன்ரை அப்பா எங்கை?" என்று கேட்டிருக்கிறது. இவள் வெள்ளையாக, "போனுக்குள்ளை" என்று சொல்லிவிட்டாள். வகுப்பே சிரித்ததாம்.

அன்றிலிருந்து போன் வந்தால் ஆளைக் காணக் கிடைக்காது. வீட்டுப்பாடம் என்பாள், வயிற்றுக்குத்து என்பாள். சுகந்தி கெஞ்சினால் அறைக்குள் இருந்து குரல் மட்டும் வரும். "அங்கை குளிரோ எண்டு கேளுங்கோ அம்மா." "அங்கை சாப்பிட்டவரோ எண்டு கேளுங்கோ." சுகந்தி கேட்டுச் சொல்வாள். தகப்பனுக்கும் மகளுக்கும் நடுவில் மொழிபெயர்ப்பு!

படம் வருகிறது என்று அறிந்ததும் ரமணன் எனக்குப் போன் எடுத்தான்.

"அக்கா, சுகந்திக்குச் சனிக்கிழமையும் பாமசியிலை வேலை. நீங்கள் பிள்ளையைப் படத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கோவன்."

"அவளுக்கு இப்ப உந்தப் புத்தகத்திலை பெரிய பிடிப்பு இல்லையடா தம்பி."



"அதுதான் அக்கா பயமாக் கிடக்கு. எனக்கும் பிள்ளைக்கும் இடையிலை இருக்கிறது அந்தக் கதை ஒண்டுதான். அதை மறந்தாள் எண்டால் என்னையும் மறந்துபோடுவாள்."

நான் வாயாடி என்பது உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு "கூட்டிக்கொண்டு போறன்" என்று மட்டும் சொன்னேன்.

தியேட்டர் நிறைந்திருந்தது. பிள்ளைகளைச் சாட்டி வந்த பெரியவர்கள்தான் கூடுதல். என் மனுசனும் வருவதாக இருந்தவர். கார்ட்டூன் என்று தெரிந்ததும் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்க வேண்டும் என்று நின்றுவிட்டார். முதல் நாள்தான் நல்ல மழை பெய்திருந்தது!

படம் தொடங்கியது. நண்டு நீல நிறம்.

"நண்டு ஏன் நீலம்?" — முன்வரிசை.

"நீலக்கால் நண்டாக்கும்" — அதற்கும் முன்வரிசை.

ஆமைக்கு ஒரு பாட்டு. பாட்டுக்குக் கூட்டம் கூட்டமாக மீன்கள் ஆடின. பிறகு ஒரு சுறா வந்தது... அடியாட்களோடு. "புத்தகத்திலை சுறா இல்லையே!" என்றார் ஒருவர். "அப்ப சண்டை ஆரோடை பிடிக்கிறது?" என்றார் பக்கத்தில் இருந்தவர். எனக்குப் பின்னால் இருந்தவர் ஓய்வுபெற்ற ஒரு ரீச்சர் — குரலே சொல்லியது. "மூலத்திலை இது இல்லை" என்று ஒவ்வொரு காட்சிக்கும் தீர்ப்பு வழங்கிக்கொண்டிருந்தார். எங்கள் சனம் படத்துக்குப் போவது அரைவாசி பார்க்க, அரைவாசி கதைக்க.

ஆரணி மட்டும் ஐஸ்கிறீமை நக்கிக்கொண்டு, பஸ் யன்னலால் தெரியாத ஊரைப் பார்ப்பது மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரமணனுக்கு நான் என்ன சொல்வேன்?

பிறகு நண்டு கரைக்கு வந்தது. மஞ்சள் வெயில், அலை, நுரை... வடிவுதான். தியேட்டர் தானாக அடங்கியது. வரப்போவது எல்லோருக்கும் தெரியும். நண்டு வாயைத் திறந்தது.

"அங்கே மழையா?"

"சிக்!" என்றது தியேட்டர். பாயசத்தில் உப்புக்கல் கடிபட்ட மாதிரி.

படம் எடுத்தவர்கள் கடலுக்கு அந்தப் பக்கத்துக்காரர். உங்கையை அச்சுப்பிழை என்று நினைத்தார்களோ, தங்கள் பிள்ளைகளுக்கு விளங்காது என்று நினைத்தார்களோ — மாற்றிவிட்டார்கள். 'உம் கை' என்று பிரித்து, ஆமையின் கையில் மழையைப் பெய்ய வைக்காமல் விட்டார்களே. அந்தமட்டில் சந்தோஷம்.

ஆரணி ஐஸ்கிறீமை நக்குவதை நிறுத்தினாள்.

"பெரியம்மா, நண்டு இப்ப ஆரோடை கதைக்குது?"

"ஆமையோடை."

"ஆமையோடை எண்டால் ஏன் அங்கை எண்டுது?"

"படம் எடுத்தவையிட்டை உங்கை இல்லையம்மா. நீ படத்தைப் பார்."

இடைவேளையில் ரோல்ஸ் விற்கிற இடத்தில் பெரிய பட்டிமன்றம். லண்டனில் இருந்து லீவில் வந்த ஒருவர், "ஒரு எழுத்துத்தானே, இதுக்குப் போய்..." என்று இழுத்தார். கம்பஸில் படிக்கிற பெடியன் ஒருவன், "இந்தியாவிலையும் ஓட வேணுமே அண்ணை" என்று நியாயம் சொன்னான். "அப்ப என்னத்துக்கு எங்கடை புத்தகத்தை எடுத்தவை?" என்று ரீச்சர் கேட்டார். ஆரணி ரோல்ஸைக் கடிக்காமல் மாறி மாறி எல்லோருடைய வாயையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

விளக்கு அணைந்து படம் திரும்பத் தொடங்கியது. நண்டு இரண்டாம் தரம் கரைக்கு வந்து, "அங்கே மழையா?" என்றது.

ஆரணி கதிரையில் ஏறி நின்றுவிட்டாள்.

"பிழை! பிழை! அங்கை எண்டு கேட்டால் ஆமைக்குக் கேக்காது!"

தியேட்டர் ஒரு கணம் திகைத்தது; பிறகு சிரித்தது. நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவள் இறங்கவில்லை. கண் நிறையத் தண்ணீர்.

"உங்கை எண்டு கேட்டாத்தான் தன்னோடை கதைக்குது எண்டு ஆமைக்குத் தெரியும். அங்கை எண்டால் வேறை ஆருக்கோ சொல்லுது எண்டு நினைச்சுப் பேசாமல் இருந்திடும்!"

எனக்குச் சுரீர் என்றது. அங்கை குளிரோ எண்டு கேளுங்கோ அம்மா... இத்தனை மாதமாகத் தகப்பனை அந்த ஒற்றை 'அ'வால்தானே இவள் தள்ளி வைத்திருந்தாள்? அவனும் பாவம், பேசாமல்தான் இருந்தான். இவள் நண்டுக்குச் சொல்கிறாளா, தனக்கே சொல்கிறாளா? எனக்கும் அழுகை வந்துவிட்டது. ஐம்பது தாண்டியவள், கார்ட்டூன் பார்த்து அழுகிறேன்.

பின்னால் ரீச்சர் எழுந்தார். போச்சுது, பேச்சு விழப்போகிறது என்று நினைத்தேன்.

"பிள்ளை சொல்லுறது சரி" என்றார், வகுப்பில் கடைசி வாங்கில் இருக்கிற பிள்ளைக்கும் கேட்கிற குரலில். "அடுத்தமுறை நண்டு வரேக்கை நாங்கள் சொல்லுவம்."

யாழ்ப்பாணத்தில் ரீச்சர் சொன்னால் மறுபேச்சு உண்டா? மூன்றாம் தரம் நண்டு வாயைத் திறக்கவும் தியேட்டர் முழுக்க எழுந்தது — "உங்கை மழையோ?"

ஸ்பீக்கரில் நண்டு என்ன சொன்னதோ, ஒருவருக்கும் கேட்கவில்லை. பிள்ளைகள் விளையாட்டாகத்தான் கத்தினார்கள். பெரியவர்கள் கத்தியது விளையாட்டில்லை. ஆரணிக்கு அந்தப் பக்கம் இருந்த மனிதர் சொல்லி முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு எந்த நாட்டில் யாரோ! மகனோ, மகளோ, சகோதரமோ... நான் கேட்கவில்லை. இந்த ஊரில் எந்த வீட்டில்தான் அப்படி ஒரு ஆள் இல்லை?

ஓட்டோவில் திரும்பும்போது ஆரணி என் தோளில் சாய்ந்துவிட்டாள். மானிப்பாய் தாண்டுகையில் நித்திரையாக்கும் என்று குனிந்து பார்த்தேன். கண் திறந்துதான் இருந்தது.

வீட்டுக்குள் போக, சுகந்தி வேலையால் வந்து தேத்தண்ணி போட்டுக்கொண்டு நின்றாள். போன் அடித்தது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு வருமுன் ஆரணி எடுத்துவிட்டாள்.

"அப்பா, உங்கையும் உந்தப் படம் ஓடுதோ? நீங்கள் பாக்க வேண்டாம். முழுக்கப் பிழை."

சின்னத் திரையில் ரமணனின் முகம். மாதக்கணக்காக மகளின் முகத்தைத் திரையில்கூடக் காணாதவன். வாய் திறக்கிறது, சத்தம் வரவில்லை.

"அப்பா... கேக்குதோ?"

"கேக்குது... கேக்குதம்மா."

பிறகென்ன, கொட்டித் தீர்த்தாள். நண்டின் நிறம், சுறாவின் அடியாட்கள், ரீச்சர், தான் கதிரையில் ஏறியது — ஒன்றும் மிச்சமில்லை. அவன் "ஓம்... ஓம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். அதைவிட்டால் அழுதுவிடுவான் போல இருந்தது.

"உங்கடை புத்தகம் கையிலை இருக்கோ?"

"ஓமம்மா, இருக்கு."

பொய். அவன் இருந்தது குசினியின் பின்படியில். பின்னால் காஸ் சிலிண்டரும் வாளியும் எனக்கே தெரிந்தன.

"அப்ப விரியுங்கோ. இண்டைக்கு நான் வாசிக்கிறன், நீங்கள் கேளுங்கோ."

வாசித்தாள். ஒரு சொல்லும் விழுங்காமல், நிறுத்தி, நிதானமாக. சுகந்தி அடுப்பை நிற்பாட்டிவிட்டுக் கதவு நிலையோடு சாய்ந்து நின்றாள். நான் எப்போதோ வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவள், போகவில்லை.

"அப்பா, இப்ப பக்கத்தைத் திருப்புங்கோ."

அவன் வெறுங்கையைத் தூக்கிக் காற்றில் ஒரு பக்கத்தைத் திருப்பினான்.

"திருப்பிட்டனம்மா. நீங்கள் வாசியுங்கோ."

வெறுங்கை அவளுக்கும் தெரிந்திருக்கும். போனைக் கொஞ்சம் கிட்டப் பிடித்துக்கொண்டு மேலே வாசித்தாள்.

படம் எப்படி என்கிறீர்களா? படு மோசம். பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள்!