ஐம்பது அட்டையும் ஐந்து எழுத்தும்

செல்லிக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்வாள். 2007-இல் ஓசூரில் ஒரு கோழித் தடுப்பூசி ஆய்வகத்தில் நான் ஸ்டோர் கீப்பர். சூளகிரிப் பண்ணையில் பதினோரு வருஷம் முட்டை அடுக்கியவள் செல்லி. எங்களிடம் கரு வளரும் முட்டைகளைச் சூடு குறையாமல் பார்த்துக்கொண்டாள்.

கோழிகளுக்கு மூச்சு முட்ட வைக்கும் ராணிக்கெட் வைரஸின் மரபுச் சரத்தைச் சுருக்கிச் செய்து, கோழிக்கரு செல்களுக்குள் விட்டுப் பார்த்தார் விஞ்ஞானி மாதவன். அது நகல் எடுத்துப் பெருகினால் பச்சையாக ஒளிர வேண்டும். நாலு மாதமாக ஒன்றும் ஒளிரவில்லை. பழி முட்டை மேல் விழுந்தது. முட்டை மேல் விழுந்தால் செல்லி மேல் விழுந்த மாதிரிதான்.

மாதவன் செல்லி பெயரில் ஒரு மன்னிப்புக் கடிதத்தைத் தானே டைப் செய்து நீட்டினார்.

"முட்டையச் சூடு ஆறவிட்டது நான்தான்னு கையெழுத்துப் போடு. இல்லன்னா நாளையில இருந்து வராத."

முந்தானை செருகப்பட்டது.

"செய்யாத தப்புக்கு எதுக்கு சார் கையெழுத்து? அந்த வைரஸ் சரத்துல எழுத்தெல்லாம் ஆறு ஆறா வரணும், மீதி வுழுந்தா நகலே எடுக்காதுன்னு டீ குடிக்கச்ச நீங்கதானே சொன்னீங்க. எண்ணிப் பாத்தீங்களா?"

"ஆயிரத்து ஐந்நூத்தி ஆறு. ஆறால வகுத்தா மீதி இல்ல. கம்ப்யூட்டர்லயே இருக்கு."

"அது நீங்க போட்ட கணக்கு. செஞ்சு வந்தத யாரு எண்ணுனது?"

செய்த சரத்தைப் பெங்களூருக்கு அனுப்பி, அதன் மரபு எழுத்துகளை வரிசையாக வாசித்து வாங்கிய தாள் என் அலமாரியில் தூங்கியது. எடுத்துக் கொடுத்தேன். பத்துப் பத்தாக அச்சடித்திருந்ததால், ஆறு யார் கண்ணுக்கும் தட்டுப்படவில்லை. செல்லிக்கு அந்த எழுத்துகளை வாசிக்கத் தெரியாது. ஆனால் முட்டை அட்டையில் வரிசைக்கு ஆறு, அட்டைக்கு முப்பது. சாப்பாட்டு நேரம் முழுக்கப் பென்சிலால் ஆறாறாகக் கோடு போட்டாள். கணக்கு சரியாக வந்துவிட்டால் அவள் வேலை போச்சு.

"அம்பது அட்ட நெறஞ்சிருச்சு. அடுத்த அட்டையில அஞ்சுதான் நிக்குது."

ஆயிரத்து ஐந்நூற்று ஐந்து. ஒரு எழுத்து குறைவு. மாதவன் இரண்டு முறை எண்ணினார். ஐந்துதான் நின்றது. அவர் மன்னிப்புக் கடிதத்தைக் கிழிக்கப் போனார்.

செல்லி அதைப் பிடுங்கித் திருப்பி, மேஜைமேல் வைத்துப் பேனாவைப் பக்கத்தில் போட்டாள்.

"கிழிக்காதீங்க சார். பின்னாடி காலியாத்தான் இருக்குது. இப்ப நீங்க எழுதுங்க."